கம்ப்ரஸர் சுருதி

அன்று வேனில் யார் யார் வந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன் சீட்டில் ஃபிட்டர். எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ். தளியைத் தாண்டி மலை மடிப்பில் இருக்கும் ஒரு ஊர் அவருடையது. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், மெஷினைத் திட்டுவதற்கு இரண்டும்.

அவருக்குப் பின்னால் அண்ணாச்சி. பெயின்ட் ஷாப்பில் வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

அவர் பக்கத்தில் கேன்டீன் அக்கா. தர்மபுரிக்காரர். சாப்பாட்டு வரிசையை அதட்டி அதட்டி வளர்ந்த குரல்.

அடுத்த சீட்டில் பேக்கிங்கில் இருக்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி பாட வந்தவள். இன்னொருத்தி அவளுக்குத் துணையாக வந்தவள். துணைக்கு வந்தவள்தான் நன்றாகப் பாடுவாள்.

கடைசி சீட்டில் நான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எனக்குப் பாட வராது. கைத்தாளம் போடுவேன்.

வேனுக்குப் பின்னால் லோடு ஆட்டோவில் பாய் வந்தார். கெலமங்கலத்தில் மைக் செட் வைத்திருக்கிறார். எங்கள் கம்பெனி ஆயுத பூஜைக்கு அவர்தான் செட் போடுவார். அந்தப் பழக்கத்தில் வந்தார்.

இவ்வளவு பேர்தான். சிவன் பாட்டுப் பாடப் போனோம்.

எங்களுக்குப் பாட்டு வந்த விதம் சின்னது. ஓசூரில் எங்கள் கம்பெனியில் முதல் ஷிப்ட் மதியத்துக்கு மேல் முடியும். ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் வெளியே வந்தால்தான் கம்பெனி பஸ் கிளம்பும். நடுவில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. சிலர் போன் பார்ப்பார்கள். சிலர் அட்டைப் பெட்டியை விரித்துத் தூங்குவார்கள். கம்ப்ரஸர் ரூமுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டாய் இருந்தது. உடைந்த பலகைகளைப் போட்டு வைக்கிற இடம். நிழலாக இருக்கும்.

அண்ணாச்சி அங்கே தனியாக உட்கார்ந்து ஒரு பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். கம்ப்ரஸரில் ஆயில் பார்க்க வந்த ஃபிட்டர் கேட்டார். உட்கார்ந்தார். மிச்சமான போண்டாவைக் கொடுக்க வந்த கேன்டீன் அக்கா உட்கார்ந்தார். பலகை எடுக்க நான் போனேன். வண்டியை நிறுத்திவிட்டு நானும் உட்கார்ந்தேன். பேக்கிங் பெண்கள் போண்டாவுக்காக வந்தார்கள். அதை அவர்களே சொல்வார்கள்.

பதிகம் என்றால் பத்துப் பாட்டு. சிலதில் ஒன்று கூடுதலாக இருக்கும். எல்லாம் ஒரே மெட்டு. ஒவ்வொரு பாட்டும் ஒரு ஊர்ச் சிவனைச் சொல்லும். சாம்பல் பூசியவன், தலையில் ஆறு வைத்தவன், சுடுகாட்டில் ஆடுகிறவன் என்று போகும். வயலைச் சொல்லும், குரங்கைச் சொல்லும், மழையைச் சொல்லும். கடைசிப் பாட்டில் இதைப் பாடினால் இன்னது கிடைக்கும் என்று இருக்கும். அந்தக் கடைசிப் பாட்டு எனக்குப் பிடிக்கும். வேலை முடிந்து கார்டு அடிப்பது போல.

நான் அதிகம் படிக்கவில்லை. அர்த்தம் முழுதும் தெரியாது. பாதி தெரிந்தால் மீதி தானாகப் புரிகிறது. முக்கியமாக ஒன்று புரிந்தது. அந்தப் பாட்டுக்காரர்கள் சாமிக்குப் பயப்படவில்லை. நீ பிச்சை எடுக்கிறவன்தானே, உனக்கு வீடு உண்டா, உடுத்தத் துணி உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். கேட்டுவிட்டு அடுத்த பாட்டில் காலைப் பிடிப்பார்கள். எங்கள் சூப்பர்வைசரிடம் நாங்கள் பாதிகூடப் பேசியதில்லை.

கேன்டீன் அக்கா ஒருநாள் கேட்டார். "ஏண்ணாச்சி, சாமியப் பாத்துப் பிச்சக்காரான்றாங்க. அப்புறம் அவருகிட்டயே இது குடு அது குடுன்றாங்க. இது என்னா நியாயம்?"

"உரிமை இருந்தாத்தாம்லா ஏச முடியும். ரோட்டுல போற யாரோ ஒருத்தர ஏசுவியாம்மா நீ?"

"நான் ஏசுவேன்" என்றார் அக்கா.

அன்று பாட்டு நடக்கவில்லை. சிரித்தே பஸ் வந்துவிட்டது.

கம்ப்ரஸரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நிற்காது. ஷிப்ட் மாறினாலும் நிற்காது. ம்ம்ம் என்று ஒரே சத்தம். ஏறாது, இறங்காது. அண்ணாச்சி கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்பார். அதிலிருந்தே பாட்டைத் தொடங்குவார். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டு பின்னால் போவோம். யாருக்காவது குரல் விலகினால் அந்தச் சத்தம் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிடும். சுருதிப் பெட்டி ஒன்று வாங்கலாம் என்று பேக்கிங் பெண் சொன்னாள்.

ஃபிட்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எதுக்கும்மா? இவ்ளோ பெரிய சுருதிப் பெட்டி எந்தக் கோயில்லயாச்சும் இருக்குதா? ஆயில் மாத்தறது நானு."

அதோடு அந்தப் பேச்சு போனது.

பிறகு கொட்டாயை எடுத்துக்கொண்டார்கள். டீசல் ஃபோர்க்லிஃப்டை எல்லாம் மாற்றி பேட்டரி வண்டி கொண்டுவந்தார்கள். சார்ஜ் போட இடம் வேண்டும். கொட்டாய்தான் வாகாக இருந்தது. ஆபீஸில் நல்லபடியாகத்தான் சொன்னார்கள்.

"உன் வண்டிக்கு நிழலு, எங்களுக்கு ரோடா?" என்று அக்கா என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வது? வண்டி நன்றாக ஓடுகிறது.

இடம் தேடினோம். அண்ணாச்சி இருக்கும் ரூமில் வீட்டுக்காரர் சத்தம் கூடாது என்றார். அக்கா இருப்பது வரிசை வீடு. அடுத்த வீட்டில் எப்போதும் யாராவது நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குவார்கள். டவுன் கோயில்களில் ஏற்கெனவே பாடுகிற கூட்டங்கள் இருந்தன. ஒரு மாதம் பாட்டு இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தோம், ஆளுக்கு ஒரு பக்கம்.

அப்போதுதான் ஃபிட்டர் தன் ஊரைச் சொன்னார். சிவன் கோயில் உண்டு. முன்னால் கல் மண்டபம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பாடலாம். ஆனால் கோயில் பொறுப்பு அவருடைய அண்ணனிடம் இருந்தது.

அவருக்கும் அண்ணனுக்கும் சண்டை ஒன்றும் இல்லை. இவர் நிலத்தை விட்டுக் கம்பெனிக்கு வந்தவர். அவர் நிலத்தோடு இருந்தவர். அண்ணன் எதிலும் இவரைக் கேட்க மாட்டார். இவரும் எதையும் அண்ணனிடம் கேட்டதில்லை. இதுதான் முதலில் கேட்டது. பஞ்சுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இதை எங்களிடம் சொன்னார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"என்னா சொன்னாரு?" என்று அக்கா கேட்டார்.

"கம்பெனி ஆளுங்க வந்து பாடிட்டுப் போக மண்டபம் எதுக்குன்றாரு. ஊர் ஆளு கேக்கணுமாம். ஒரு ஞாயித்துக்கிழம வாங்க, விளக்கு வெக்கற நேரத்துக்கு நம்ம ஊர் ஆளு முப்பது பேரு மண்டபத்துல உக்காந்திருந்தா மாசாமாசம் தர்றேன். இல்லேன்னா இத்தோட என்ன எதுவும் கேக்காதேன்னாரு."

"முப்பது என்னவே முப்பது? நூறு பேரு உக்காருவான்" என்றார் அண்ணாச்சி.

"அவங்களுக்குத் தமிழ்ப் பாட்டு பழக்கமில்ல அண்ணாச்சி."

"சிவன் பழக்கம்தானே?"

இப்படித்தான் போனோம்.

ஊர் குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு பக்கமும் கோஸ் வயல். ரோஜாவுக்கு வலை போட்ட பந்தல்கள். இறங்கியதும் பார்த்தவர்கள் எல்லாம் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார்கள். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். ஆயிற்று என்றாலும் விடவில்லை. ராகிக் களியும் கீரையும் போட்டார்கள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும். அண்ணாச்சி மென்றார். சுற்றி நின்றவர்களுக்கு அதுவே முதல் நிகழ்ச்சி.

ஃபிட்டரின் அண்ணன் மண்டபத்தில் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். தோளில் துண்டு. வெற்றிலை. எங்களைப் பார்த்து "குத்கொள்ளி" என்றார், உட்காருங்கள் என்று. தம்பியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

அவர் மனைவி மண்டபத்தின் ஒரு ஓரத்தில் ஏழெட்டுப் பெண்களோடு சந்தைக்குப் பூப் பிரித்துக்கொண்டிருந்தார். ஃபிட்டர் அவரை அத்திகே என்று கூப்பிட்டார். கன்னடத்தில் அண்ணி. அந்த அத்திகேதான் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்.

பாய் மைக்கைக் கட்டினார். தட்டிப் பார்த்தார். கூட்டம் சேர்ந்தது. மைக் கட்டினால் அந்த ஊரில் சேர்ந்துவிடும். மண்டபம் நிறைந்தது. படியிலும் உட்கார்ந்தார்கள். ஃபிட்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு அண்ணாச்சி பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அண்ணாச்சி கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். திரும்ப மூடினார்.

நான் கைத்தாளத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என்னவென்று எனக்கும் அப்போது தெரியவில்லை. சத்தமே இல்லை. காற்று, ஒரு காக்காய், தூரத்தில் ஒரு பைக். அவ்வளவுதான். வேலைக்கு வந்ததிலிருந்து நான் இவ்வளவு அமைதியில் உட்கார்ந்ததில்லை.

அண்ணாச்சி ஒரு வழியாகத் தொடங்கினார். மேலே தொடங்கிவிட்டார். முதல் பாட்டில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது பாட்டில் இன்னும் கொஞ்சம் ஏறியது. மூன்றாவதில் கேன்டீன் அக்கா சந்தையில் கத்துவது போலக் கத்திக்கொண்டிருந்தார். ஃபிட்டருக்குக் குரல் கிழிந்தது. அவர் கீழே இறங்கிவிட்டார். பேக்கிங் பெண்கள் இருவரும் நடுவில் ஒரு இடத்தில் நின்றார்கள். ஒரு பாட்டு, மூன்று சுருதி. மைக் எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது. எங்கோ ஒரு நாய் சேர்ந்துகொண்டது.

துணைக்கு வந்த பேக்கிங் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்து அக்காவுக்கும் வந்தது. அண்ணாச்சி நிறுத்தினார்.

"எங்க போச்சு?" என்று கேட்டார். சுருதியைக் கேட்டார். பொருளைத் தொலைத்தவர் மாதிரி கீழே பார்த்தார்.

ஒருவர் எழுந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமாம். இரண்டு பேர் எழுந்தார்கள். கோஸ் லோடு ஏற்ற வேண்டுமாம். அவர்கள் போவதைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். படி காலியானது. கோபமாகப் போகவில்லை. சிரித்துக்கொண்டுதான் போனார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏனோ, இதுக்கா வேன் வெச்சு வந்தீங்க?" என்று தம்பியைக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஃபிட்டரின் காது சிவந்தது. பொழுது இன்னும் நிறைய இருந்தது, ஆள்தான் குறைந்துகொண்டே வந்தது.

பாய்தான் கண்டுபிடித்தார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். "அண்ணே, கம்பெனியில நல்லாத்தான பாடினீங்க. பூஜைக்கு செட் போட வந்தப்ப நான்தான கேட்டேன்? அங்க பின்னாடி மெஷின் ஓடிட்டு இருந்திச்சு. உங்களுக்கு மெஷின் ஓடணும்ணே. இல்லேன்னா பாட்டு வராது."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மைதான்.

"போன்ல சுருதி இருக்கும்" என்றாள் பேக்கிங் பெண். போனைத் தூக்கிக்கொண்டு தூணைச் சுற்றினாள். படி இறங்கினாள். மதில் மேல் ஏறினாள். மலை மடிப்பில் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை.

"ஜெனரேட்டர் போடட்டுமா?" என்றார் பாய்.

அதையும் செய்தோம். லோடு ஆட்டோவில் இருந்த ஜெனரேட்டரைப் பாய் கயிற்றை இழுத்துக் கிளப்பினார். அண்ணாச்சி கண்ணை மூடினார். சத்தத்தைப் பிடித்தார். தொடங்கினார். நாங்களும் சேர்ந்தோம். ஒரு பாட்டு நன்றாகத்தான் போனது. பிறகு ஜெனரேட்டர் மூச்சு வாங்கியது. பழைய டீசல் இன்ஜின். ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் தணியும். அது ஏறினால் நாங்களும் ஏறினோம். அது தணிந்தால் நாங்களும் தணிந்தோம். எங்களுக்கு வேறு மாதிரி பாடத் தெரியாது. பழக்கம் அப்படி.

ஃபிட்டருக்குப் பொறுக்கவில்லை. பாட்டின் நடுவில் எழுந்துபோய் ஜெனரேட்டர் முன்னால் மண்டி போட்டார். திருநீற்றோடு, உருத்திராட்சத்தோடு, ஸ்பேனரைக் கேட்டார். அவர் ஒரு திருகு திருகினார். இன்ஜின் ஓங்கிக் கத்தியது. அண்ணாச்சி அதோடு எகிறினார். மண்டபம் முழுக்கப் புகை.

"வே, இது பதிகமா, பஸ்ஸா?" என்று அண்ணாச்சி மைக்கிலேயே கேட்டார்.

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வேடிக்கை பார்க்கத்தான். அப்போது எண்ணியிருந்தால் பதினைந்து பேர் தேறியிருக்காது. அதிலும் பாதிப் பேர் ஜெனரேட்டரைப் பார்த்தவர்கள்.

அத்திகே எழுந்தார். மடியிலிருந்த பூவைக் கூடையில் கொட்டினார். "மொதல்ல அத ஆப் பண்ணுங்க. பூவெல்லாம் டீசல் நாத்தம்" என்றார். பாய் நிறுத்தினார். அத்திகே அண்ணாச்சியிடம் வந்தார். "உங்களுக்கு என்ன சத்தம் வேணும்? அத மட்டும் சொல்லுங்க."

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. "என்னது தாயி?"

"எங்க பஜனையில பாதிப் பேரு பாடுவோம். பாதிப் பேரு சத்தத்தப் பிடிச்சுக்குவோம். பாடறவங்க எங்கயும் ஓடக் கூடாதில்ல? உங்களுக்குப் பிடிக்க ஆளில்ல. அவ்ளோதானே? சொல்லுங்க, நாங்க பிடிக்கறோம்."

அண்ணாச்சி தயங்கி, தாழ்வாக ஒரு "ம்ம்" சொன்னார். அத்திகே அதை வாங்கினார். "சிவா" என்று ஒரே நீட்டாக இழுத்தார். பூப் பிரித்த பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஒவ்வொருவராகச் சேரச் சேர அது கனமானது. மண்டபத்துக் கல்லெல்லாம் அதைத் திருப்பிக் கொடுத்தது.

அண்ணாச்சி பாடினார். இந்த முறை கண்ணை மூடவில்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டே பாடினார். நாங்கள் பின்னால் போனோம். யாரும் விலகவில்லை. எனக்குக் கையில் தாளம் தானாக விழுந்தது. நாலு பாட்டு அப்படிப் போனது.

ஆனால் கம்ப்ரஸருக்கு மூச்சு தேவையில்லை. இவர்களுக்குத் தேவை. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இழுத்து, ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினார்கள். அந்த இடத்தில் ஒரு பள்ளம். அண்ணாச்சி அதில் விழுந்து எழுந்தார். போகப் போகப் பள்ளம் பெரிதானது. பெண்களுக்குத் தொண்டை வறண்டது.

நான் பொதுவாகப் பேசுவதில்லை. அன்று பேசினேன். "ரெண்டு ஷிப்டாப் போட்டுக்கலாம்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இந்தப் பக்கம் ஏ ஷிப்ட். அந்தப் பக்கம் பி ஷிப்ட். ஏ முடியறதுக்கு முன்னாடியே பி எடுத்துக்கணும். நடுவுல யாருக்காச்சும் எழுந்து போகணும்னா, மாத்து ஆளு வந்து உக்காந்தப்புறம்தான் எழுந்திரிக்கணும். எங்க லைன்ல அப்படித்தான்."

ஃபிட்டர் அதைக் கன்னடத்தில் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார். சிரிப்பு எழுந்தது. அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போகிறவர்தான். எல்லோருக்கும் ஷிப்ட் தெரியும்.

"பி ஷிப்டுக்கு ஆளில்லையே?" என்றார் அத்திகே. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மண்டபத்து விளிம்புக்குப் போய் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கோஸ் லோடு ஏற்றப் போனவர் வந்தார். பால் சொசைட்டிக்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு வந்தார். வேடிக்கை பார்த்தவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஓவர்டைம் உண்டா?" என்று லோடுக்காரர் கேட்டார்.

"சுண்டல் உண்டு" என்றார் கேன்டீன் அக்கா.

"கம்பெனியிலயும் இதேதான் சொல்றாங்க."

ஒருவர் ஏ ஷிப்டில் இடம் கேட்டார். பி ஷிப்டில் அவருடைய பங்காளி உட்கார்ந்திருந்தாராம். கொடுத்தோம்.

பிறகு பாட்டு நின்றதே இல்லை. ஒரு பக்கம் இழுத்துத் தணியும்போது மறுபக்கம் தூக்கிக்கொண்டது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஃபிட்டர் கன்னடத்தில் ஒரு வரி சொன்னார். இங்கே சாமியின் பாம்பைச் சொல்கிறார், இங்கே ஊர் ஆற்றைச் சொல்கிறார் என்று. உனக்குத் துணி உண்டா என்று கேட்கும் பாட்டு வந்தது. அவர் சொன்னதும் பெண்கள் பக்கம் பெரிய சிரிப்பு. "நாங்களும் அவனை அப்படித்தான் கேப்போம்" என்றார் ஒருவர். இன்னொரு முறை அதையே பாடச் சொன்னார்கள். பாடினோம்.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். மாத்து ஆள் இல்லாமல் யாரும் எழவில்லை. பால் சொசைட்டிக்காரர் மணி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வெளியே போன ஒருவரைக் கத்திக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் கேனைத் தூக்கினார். வந்தவர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அண்ணன் தூணிலேயே நின்றார். வெற்றிலை முடிந்துவிட்டது. எங்களைப் பார்க்காத மாதிரி வயலைப் பார்த்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் லோடுக்காரர் எழ வேண்டி வந்தது. லாரி வந்துவிட்டது. ஹாரன் அடிக்கிறது. மாத்து ஆள் இல்லை. அவர் சிவா என்று இழுத்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். சும்மா நின்றுகொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான்.

அத்திகே இழுப்பதை நிறுத்தவில்லை. ஷிப்ட் விடக் கூடாது அல்லவா. கணவரைப் பார்த்துக் கண்ணாலேயே காட்டினார், அங்கே உட்கார் என்று.

அவர் துண்டை உதறினார். உட்கார்ந்தார். லோடுக்காரர் ஓடினார்.

அவர் குரலை யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் கீழே ஒரு இடத்தில் போய் நின்றது. அசையவில்லை. அண்ணாச்சி பாடிக்கொண்டே தலையை ஆட்டினார். ஃபிட்டருக்குக் குரல் வரவில்லை. இரண்டு வரி வாயை மட்டும் அசைத்தார். பிறகு வந்தது. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கடைசிப் பதிகத்தின் கடைசிப் பாட்டு. பாடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்வது. அண்ணாச்சி அதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்தார். பூசாரி உள்ளே விளக்கு ஏற்றினார். ஏ ஷிப்ட் முடித்தது. பி ஷிப்ட் முடித்தது. நான் தாளத்தைக் கீழே வைத்தேன். யாரும் எழவில்லை. முடிந்தது என்று யாராவது சொல்ல வேண்டும் போல இருந்தார்கள்.

ஃபிட்டர் அண்ணன் முன்னால் போய் நின்றார். கேட்கவில்லை. நின்றார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "நான் சொன்னது கேக்கறதுக்கு முப்பது பேரு. இவங்க எங்க கேட்டாங்க? வேல செஞ்சாங்க."

மண்டபத்தில் ஓ என்று சத்தம்.

"கேக்காம எப்படிங்க பிடிக்க முடியும்?" என்றார் பாய். வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "நான் செட்டு வெச்சு எத்தன கூட்டம் பாத்திருக்கேன். கேக்க வந்தவங்கதான் கேக்கவே மாட்டாங்க. போன் பேசுவாங்க. இவங்க எல்லாம் காதத் தீட்டிட்டு உக்காந்திருந்தாங்க."

"உக்காந்தவங்களத்தானே சொன்னீங்க? எண்ணுங்க" என்றார் அத்திகே. "எண்ணிட்டுப் பேசுங்க."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். அன்று முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "ஒழுங்கா எண்ணுவேன். யாரும் இடம் மாறக் கூடாது" என்றார்.

விரலை நீட்டினார். ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்தில் தொடங்கினார். எங்கள் வரிசையைத் தாண்டிப் போனார். நாங்கள் கம்பெனி ஆட்கள், கணக்கில் இல்லை. "என்னையும் சேத்துக்குங்க" என்றார் பாய். "நீ கெலமங்கலம், கம்முனு இரு" என்றார் அண்ணன். மடியிலிருந்த குழந்தைகளை விட்டார். ஒரு பெண் சண்டைக்கு வந்தார், என் பிள்ளையும்தான் இழுத்தான் என்று. அவர் கேட்கவில்லை. உள்ளே நின்ற பூசாரியை எண்ணவில்லை. சம்பளத்துக்கு நிற்பவராம். பங்காளிகள் இருவரையும் எண்ணும்போது விரல் கொஞ்சம் நின்றது. இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

கேன்டீன் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேக்கிங் பெண்கள் அண்ணனுக்கு முன்னாலேயே எண்ணி முடித்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஃபிட்டர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

மனைவியிடம் வந்ததும் அண்ணன் நிறுத்தினார். "உன்ன எண்ணணுமா?"

"ஏன், நான் வேற ஊரா?"

எண்ணினார். சுற்றி வந்து பி ஷிப்டில் தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே அவருடைய துண்டு கிடந்தது. அதையும் விரலால் காட்டி எண்ணினார். பிறகு மொத்தத்தைத் தம்பிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

நாற்பத்தொன்று.